எரிமலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு: சாம்பல் விழும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பின்யாஸில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நாங்கள் நான்கு தமிழ்ப் பையன்கள், ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். மத்தியானத்திலிருந்தே தால் எரிமலையில் புகை கிளம்பும் வீடியோக்கள் போனில் வந்துகொண்டிருந்தன. மலை எங்களிடமிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டோம். ராத்திரி தகரக் கூரையில் யாரோ பொடிமணலைத் தூவுகிற மாதிரி ஒரு சத்தம். மழை என்று நினைத்து, கொடியில் காயப்போட்ட வெள்ளைக் கோட்டுகளை எடுக்க ஓடினேன். கோட்டு சாம்பல் பூத்திருந்தது. உதறினேன். கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கினேன். இரண்டுமே செய்யக்கூடாதவை. மூன்று நாள் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கிடந்தேன்.

கீழ்வீட்டு அம்மாவை நாங்கள் 'ஆத்தே' என்று கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அக்காவுக்கு அதுதான் சொல். நம் காதுக்கு அது இன்னும் நெருக்கமாகவே கேட்கும். ஆத்தேயின் சொந்த ஊர் பம்பாங்கா மாகாணத்தில் பகோலோர். 1991ல் பினடுபோ எரிமலை வெடித்தபோது அங்கே இருந்தவர். அன்று ராத்திரி டார்ச் லைட்டோடு மேலே வந்தவர், எங்கள் கூரையை ஒரு சுற்றுப் பார்த்தார். எரிமலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மழை வருமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் புரிய நாளானது. எரிமலை என்றாலே நம் கண்ணில் வருவது சிவப்பாக வழியும் நெருப்புக் குழம்பு. பல இடங்களில் அந்தக் குழம்பு மனிதன் நடந்தே விலகிப் போகிற வேகத்தில்தான் வரும். ஊர்களை அழித்தது பெரும்பாலும் வேறு: கூரைமேல் ஏறிய சாம்பலின் எடை, மழையோடு சேர்ந்து ஆற்றில் இறங்கிய சேறு, முகாமில் பரவிய நோய், திரும்பிப் போக முடியாத வயல். மலை வெடிப்பது சில மணி நேரமோ சில நாளோ. பக்கத்து ஊர்க்காரர்கள் அதன் பலனைப் பல வருடம் சுமக்கிறார்கள். அந்தப் பல வருடத்துக்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும்.

பிலிப்பைன்ஸில் படிக்கும் நம் பிள்ளைகள், இந்தோனேசியாவின் சினாபுங் எரிமலையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் மேடான் தமிழர்கள், ரீயூனியன் தீவில் தலைமுறைகளாக வாழும் நம் வம்சாவளியினர், பாலிக்குச் சுற்றுலா போகிறவர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் இடம் எது, ஆறு எது

மலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும் போதாது. உங்கள் வீட்டருகே ஓடும் ஆறோ ஓடையோ அந்த மலையிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். இதுதான் முதல் கேள்வி.

கொலம்பியாவில் நெவாடோ டெல் ருயிஸ் என்ற எரிமலை 1985 நவம்பர் 13 ராத்திரி வெடித்தது. பெரிய வெடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உச்சியிலிருந்த பனிக்கட்டி உருகி, மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்குகளில் இறங்கியது. மலையிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ஆர்மெரோ என்ற ஊரை அந்தச் சேறு சுமார் இரண்டரை மணி நேரத்தில் எட்டியது. ஊரில் 29,000 பேர். இறந்தது 20,000க்கும் மேல். ஆர்மெரோ ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்று காட்டும் வரைபடம் அதற்கு ஒரு மாதம் முன்பே தயாராகியிருந்தது. மேட்டில் ஏறி நிற்க இரண்டரை மணி நேரம் தாராளமாகப் போதும். நேரத்துக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதைப் படித்த நாளிலிருந்து, எந்த ஊருக்குப் போனாலும் ஆற்றுப் படுகையை ஒரு தடவை பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஆகவே ஆபத்து வரைபடத்தைத் தேடி எடுங்கள். பிலிப்பைன்ஸில் ஃபிவோல்க்ஸ், இந்தோனேசியாவில் பிவிஎம்பிஜி என்ற அரசு நிறுவனங்கள் இவற்றை வெளியிடுகின்றன. அதில் வீடு, கல்லூரி, வேலை செய்யும் இடம் மூன்றையும் குறியுங்கள். வெளியேறும் சாலையில் பாலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பாலம் இல்லாத இன்னொரு வழியையும் கண்டுபிடித்து வையுங்கள். சாம்பல் காற்று போகும் பக்கம் போகும். அன்றைக்குக் காற்று வடக்கே திரும்பியதால்தான் தாலின் சாம்பல் மணிலாவைத் தொட்டது.

படி 2: எச்சரிக்கை நிலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிலிப்பைன்ஸில் 0 முதல் 5 வரை. இந்தோனேசியாவில் நான்கு படிகள்: நோர்மல், வஸ்படா, சியாகா, அவாஸ். கடைசிச் சொல் காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். தாலில் அன்று சாயங்காலத்துக்குள் நிலை 4 வந்துவிட்டது. அதாவது, காலையில் சாதாரணமாக இருந்த ஊர் ராத்திரிக்குள் காலியாக வேண்டிய நிலை. எண்கள் வரிசையாக, நிதானமாக ஏறும் என்று நம்பியிருக்காதீர்கள்.

எச்சரிக்கை எப்படி வேலை செய்யும் என்பதற்குப் பினடுபோவை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. சுமார் 500 வருடம் உறங்கிய மலை அது. சுற்றிலும் இருந்த பலருக்கு அது எரிமலை என்பதே தெரியாது. அதன் சரிவுகளில் ஏட்டா பழங்குடியினர் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அது தெய்வம் குடியிருக்கும் மலை. 1991 ஏப்ரல் 2 அன்று நீராவி வெடிப்புகள் தொடங்கின. ஏட்டா மக்களோடு வாழ்ந்த ஒரு கன்னியாஸ்திரியும் அவர்களும் சேர்ந்துபோய் விஞ்ஞானிகளிடம் சொன்னார்கள். ரேமுண்டோ புனோங்பயான் தலைமையிலான ஃபிவோல்க்ஸும் அமெரிக்க நிலவியல் துறையினரும் மலையைச் சுற்றிக் கருவிகளை வைத்தார்கள். ஆனால் கருவி சொன்னதை மக்கள் நம்ப வேண்டுமே? மேயர்களும் அதிகாரிகளுமே தயங்கினார்கள்.

அப்போது கைகொடுத்தது ஒரு வீடியோ. எரிமலைகளைப் படம்பிடித்தே வாழ்ந்த மாரீஸ், காட்யா கிராஃப்ட் தம்பதியர் எடுத்த காட்சிகள் அவை. நெருப்புச் சாம்பல் மேகம் மலையிலிருந்து உருண்டு இறங்குவதையும், சேறு ஊருக்குள் புகுவதையும் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஜூன் 9ல் நிலை 5. வெளியேற்ற வட்டம் 10 கிலோமீட்டரிலிருந்து 20, பிறகு 30, கடைசியில் 40. ஜூன் 15 மத்தியானம் மலை முழு பலத்தோடு வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. முன்கூட்டியே பல்லாயிரம் பேரை வெளியேற்றியதால் குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்று மதிப்பிடுகிறார்கள். கிராஃப்ட் தம்பதியர் அதைப் பார்க்க இல்லை. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோனார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது "இதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் வாதம் செய்யாதீர்கள். ஒரு வீடியோவைக் காட்டுங்கள்.

படி 3: பை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட், விசா தாள்கள், சான்றிதழ்கள் நீர்புகாத உறையில். ஒரு வாரத்துக்கான மருந்து. ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் இரண்டு. ஆளுக்குக் குறைந்தது நான்கு என்95 முகக்கவசம். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி. டார்ச், பவர் பேங்க், கையில் கொஞ்சம் ரொக்கம், ஏனென்றால் மின்சாரம் போனால் ஏடிஎம் இயங்காது. மூடியுள்ள கேனில் தண்ணீர். முகக்கவசத்தை முன்பே வாங்கி வையுங்கள். தால் வெடித்த மறுநாள் மணிலாவில் மருந்துக் கடைக்குக் கடை அலைந்தோம். இருந்த ஒன்றிரண்டு இடத்திலும் விலை பல மடங்கு.

சாம்பல் வானத்தில் இருக்கும்வரை விமானம் பறக்காது. எஞ்சினுக்குள் போகும் சாம்பல் உருகிப் படிந்து எஞ்சினையே நிறுத்திவிடும். 2017 நவம்பரில் ஆகுங் எரிமலையால் பாலி விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. ஊருக்கு டிக்கெட் போட்டு ஓடிவிடலாம் என்பதைத் திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். பெற்றோரிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் அங்கே அவர்கள் தவித்துப்போவார்கள்.

படி 4: போகச் சொன்னால் போய்விடுங்கள்

எரிமலையின் மிகக் கொடிய ஆயுதம், பல நூறு டிகிரி வெப்பத்தில் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வேகத்தில் தரையோடு தரையாக வரும் மேகம். அதைப் பார்த்த பிறகு ஓடித் தப்ப வழியில்லை. பைக்கும் காரும் உதவாது. தால் மாதிரி ஏரிக்குள் இருக்கும் எரிமலையில் அது தண்ணீர் மேலேயே பாய்ந்து எதிர்க்கரையைத் தொடும். அதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, அது வரும் நாளில் அங்கே இல்லாமல் இருப்பது.

இது தெரிந்தும் மக்கள் ஏன் தங்கிவிடுகிறார்கள்? 2010 அக்டோபரில் ஜாவாவின் மெராபி வெடித்தபோது, மலையின் காவலராக மதிக்கப்பட்ட முதியவர் ம்பா மாரிஜான் தன் வீட்டை விட்டு வரவில்லை, அங்கேயே இறந்தார். மலையைக் காப்பது தன் கடமை என்பது அவர் நம்பிக்கை. அது சிலருக்கே உள்ள காரணம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் மாடு. தால் ஏரிக்கரை ஊர்களில், ஓடிவந்தவர்கள் மறுநாளே படகேறித் திரும்ப எரிமலைத் தீவுக்குப் போனார்கள்: சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து சோறு போட்ட குதிரைகள், பசு, பன்றி எல்லாம் அங்கே சாம்பலுக்குள் நின்றிருந்தன. பிறகு சில ஊராட்சிகள் காலையில் சில மணி நேரம் மட்டும் போய்வர அனுமதித்தன.

கறவை மாடோ ஆடோ வைத்திருந்தால் நிலை 2, 3 வரும்போதே அதை நகர்த்துங்கள். நிலை 4 வந்த பிறகு மாட்டுக்கு லாரி கிடைக்காது. சொந்தக்காரர் ஊரோ தோழர் தோட்டமோ, எங்கே கட்டுவது என்று இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். முடியாது என்றால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போங்கள். மிருகத்தைக் காப்பாற்றும் வழியை முன்பே செய்துவைத்தால் மனிதன் ஆபத்து வட்டத்துக்குள் திரும்பிப் போகமாட்டான். இது என் உறுதியான எண்ணம்.

படி 5: சாம்பல் விழும்போது

சாம்பல் என்றதும் நமக்கு அடுப்புச் சாம்பல்தான் நினைவுக்கு வரும்: மிருதுவானது, பாத்திரம் தேய்க்கலாம். எரிமலைச் சாம்பலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது பொடிப்பொடியான கல்லும் கண்ணாடியும். விரலில் எடுத்துத் தேய்த்தால் உப்புத்தாளைத் தடவுவது போலிருக்கும். தண்ணீரில் கரையாது. புதிதாக விழுந்ததில் அமிலம் ஒட்டியிருக்கும். நனைந்தால் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பத்தின் பீங்கான்களில் படிந்து மழை தூறியதும் ஊரே இருட்டாவது அதனால்தான்.

வீட்டுக்குள் இருங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். ஏசியையும் வெளிக்காற்றை இழுக்கும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். கண்ணில் விழுந்தால் கசக்காமல் நிறையச் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். நான் கசக்கினேன், கருவிழியில் கீறல் விழுந்தது. வெளியிலிருந்து வந்த உடையை வாசலிலேயே கழற்றி, உதறாமல் தண்ணீரில் அமுக்குங்கள்.

முகக்கவசத்தில் என்95 சிறந்தது, முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் பலன். சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் அதற்கு அடுத்தது. வேறு எதுவுமே இல்லாதபோது துணி. துணியை நனைத்துக் கட்டினால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நனைப்பதால் அது கூடுதலாக வடிகட்டிவிடாது. சிறு குழந்தைகளுக்குப் பெரியவர்களின் முகக்கவசம் பொருந்தாது. அவர்களை வெளியே விடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைக்கு எந்த வேலைக்காகவும் வெளியே போக வேண்டாம்.

கார் கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் கோடு விழும். நிறையத் தண்ணீர் ஊற்றியே கழுவ வேண்டும். சாலையில் மெல்லிய படலம் விழுந்தாலே வண்டி வழுக்கும், கோடுகளும் தெரியாது.

வாயு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கரியமில வாயு காற்றை விடக் கனமானது. பள்ளத்தில் தேங்கும், வாசனை இருக்காது. காங்கோவின் கோமா நகரத்துக்காரர்கள் அப்படிப்பட்ட பள்ளங்களை 'மஸுகு' என்கிறார்கள். ஆடு செத்துக் கிடக்கும் பள்ளத்துக்குள் ஆடு எடுக்க இறங்காதீர்கள். குழந்தைகளை அங்கே விளையாட விடாதீர்கள்.

படி 6: கூரை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1991 ஜூன் 15. பினடுபோ வெடித்த அதே நாளில் யுன்யா என்ற புயலும் லூசான் தீவைக் கடந்தது. வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த சாம்பலை மழை நனைத்தது. பகல் இரண்டு மணிக்கு ராத்திரி மாதிரி இருட்டு. ஆத்தே சொன்னார்: "மேல இருந்து விழுந்தது சேத்து உருண்டை மாதிரி இருந்துச்சு. முதல்ல பக்கத்து வீட்டுக் கூரை மடங்குற சத்தம். அப்புறம் எதிர்வீடு. அடுத்தது எங்க வீடான்னு எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தோம்." வெடிப்பு நேரத்திலேயே இறந்தவர்களில் பெரும்பகுதியினர் இப்படிக் கூரை விழுந்து இறந்தவர்கள். அகலமான கூரை கொண்ட பெரிய கூடங்கள் சிறு வீடுகளை விட எளிதில் விழுந்தன. பெரிய கட்டடம் என்றால் பலமானது என்று நம்பி மக்கள் கூடிய இடங்கள் அவை.

கணக்கைப் பாருங்கள். நனைந்த சாம்பல் ஒரு கன மீட்டருக்கு 1,000 முதல் 2,000 கிலோ வரை எடை இருக்கும். பத்துக்குப் பத்து அடி அறையின் மேல் நான்கு அங்குலம் படிந்தால் ஏறக்குறைய ஒரு டன்னிலிருந்து இரண்டு டன். உங்கள் தகரக் கூரைமேல் ஒன்றிரண்டு மாருதி காரை நிறுத்திவைப்பதற்குச் சமம். ஆத்தே மழையைப் பற்றி ஏன் கேட்டார் என்று இப்போது புரிகிறதா?

செய்முறை இது. சாம்பல் ஒன்றிரண்டு விரற்கடை படிந்ததுமே, விழுவது தணிந்த இடைவெளியில், மழைக்கு முன் எடுக்கத் தொடங்குங்கள். முதலில் கூரையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றிவிடுங்கள். புழுதி பறக்காத அளவுக்கு மட்டும் தண்ணீரைத் தெளியுங்கள். கோலம் போடும் முன் வாசலில் தெளிப்பது போல. ஹோஸ் பைப்பைத் தூக்கினால் எடைதான் கூடும், சாம்பலும் இறுகிவிடும். மண்வெட்டி வேண்டாம், தகரம் கிழியும். பலகைத் துண்டும் துடைப்பமும் போதும். ஒரு பக்கத்தை முழுக்க வழித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடை ஒருபக்கம் சாய்ந்து கூரை திருகிக்கொள்ளும்.

ஒருவர் மேலே, ஒருவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு. ஈரச் சாம்பல் சோப்பு போல வழுக்கும். சாம்பல் அள்ளப்போய் கூரையிலிருந்து விழுந்து செத்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தகரத்தின் நடுவில் மிதிக்காமல், கீழே மரமோ இரும்போ ஓடும் ஆணி வரிசை மேலேயே கால் வையுங்கள். ஏற்கெனவே நான்கு அங்குலம் ஏறிவிட்டது, கூரை முனகுகிறது என்றால் மேலே ஏறாதீர்கள். உள்ளே இருப்பவர்களை அழைத்துக்கொண்டு பக்கத்துக் காங்கிரீட் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

எங்கள் வீட்டில் அன்று படிந்தது ஒரு தோசையின் கனம்கூட இல்லை. அப்படியும் ஆத்தே விடவில்லை. விடியற்காலையில் நாங்கள் நால்வரும் அள்ளியது ஆறு அரிசிச் சாக்கு. அவற்றைக் கட்டித் தெருமுனையில் வைக்கச் சொன்னார். சாக்கடையில் தள்ள விடவில்லை. சாக்கடைக்குள் போனால் அது சிமெண்ட் மாதிரி இறுகி, முதல் மழையிலேயே தெரு முழுக்க வெள்ளமாகும்.

படி 7: தண்ணீர், மாடு, பயிர்

சாம்பல் விழும் செய்தி வந்ததுமே தொட்டிகளை மூடுங்கள், குடங்களை நிரப்புங்கள். சாம்பல் விழுந்த மறுநாள் ஊரே கழுவ உட்காரும், குழாயில் தண்ணீர் நின்றுவிடும். கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. தெளியவைத்து, வடிகட்டி, பிறகு குளோரின் போடுங்கள். திறந்த கிணற்று நீரைச் சோதிக்காமல் குடிக்க வேண்டாம்.

சில எரிமலைச் சாம்பலில் ஃபுளோரைடு அதிகம் இருக்கும். புல்லோடு அதை மேயும் மாட்டின் எலும்பும் பல்லும் சிதையும். 1783ல் ஐஸ்லாந்தின் லாகி வெடித்தபோது நாட்டின் கால்நடைகளில் பாதிக்கு மேல் இப்படி அழிந்து, தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. மாட்டைக் கொட்டிலில் கட்டி, மூடிவைத்த தீவனத்தைக் கொடுங்கள்.

பயிரில் மெல்லிய படலம் என்றால் செடியை உலுக்கி, தண்ணீர் தெளித்தால் சிலது பிழைக்கும். தால் பக்கத்து அன்னாசித் தோட்டங்களும் காபித் தோட்டங்களும் பலமாக அடிபட்டன. ஏரியில் திலாப்பியா மீன் வளர்த்தவர்கள் கூண்டையே இழந்தார்கள். நஷ்டத்தை அன்றைக்கே படம் எடுத்து, தேதியோடு வையுங்கள். நிவாரணம் கேட்கப் போகும்போது சாம்பல் அடித்துப்போயிருக்கும்.

எரிமலை மண் சில தலைமுறைக்குப் பிறகு பொன் விளையும் மண்ணாகும். மலையடிவாரத்தில் மக்கள் குடியிருப்பதற்குக் காரணம் அதுதான். "அங்கே ஏன் போய் இருக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள், காவிரி வெள்ளத்தில் மூழ்கியும் டெல்டாவை விட்டு நம் விவசாயி ஏன் போவதில்லை என்று யோசித்துப் பார்க்கலாம்.

படி 8: முகாம்

பினடுபோவில் மலையிலிருந்து தப்பித்த ஏட்டா குழந்தைகள் பலர் முகாமில் இறந்தார்கள். தட்டம்மை, வயிற்றுப்போக்கு, நிமோனியா. நெரிசலான கூடாரங்கள், தடுப்பூசி போடாத பிள்ளைகள், வெளியாட்களின் மருத்துவத்தை நம்பாத பெற்றோர், ஏட்டா மொழி தெரியாத ஊழியர்கள். மருத்துவ மாணவனாக இதைப் படித்தபோது எனக்குப் பெரிய வருத்தமும் கோபமும் வந்தது. எரிமலையைத் துல்லியமாகக் கணித்த அதே வருடத்தில், தடுப்பூசி உள்ள ஒரு நோயிடம் குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

முகாமுக்குப் போனதும் பெயரைப் பதியுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள், விடுபட்டதை அங்கேயே போடச் சொல்லுங்கள். கழிப்பறை எங்கே, ராத்திரியில் அங்கே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பெண்கள் இருந்தால் இது முதல் வேலை. பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான் முகாமாகும், அதனால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்பும் நின்றுபோகும். ஒரு மரத்தடி வகுப்பையாவது முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

முகாம் மோசமாக இருந்தால் மக்கள் ஆபத்துக்குள் திரும்பிப் போவார்கள். கரீபியன் தீவான மான்செராட்டில் 1997 ஜூன் 25 அன்று எரிமலை 19 பேரைக் கொன்றது. தடைசெய்யப்பட்ட பகுதி என்று தெரிந்தேதான் அவர்களில் பலர் பயிரைப் பார்க்க அங்கே போயிருந்தார்கள். தங்குமிடம் சரியில்லை, சாப்பாட்டுக்கு வழி வேண்டும். வேறென்ன செய்வார்கள்? நீங்கள் உதவிக்குழுவில் இருந்தால் அரிசி மூட்டையோடு நின்றுவிடாமல் சமைக்க அடுப்பு, தடுப்புத் துணி, செய்வதற்கு ஏதாவது ஒரு வேலை இவற்றையும் கொண்டுபோங்கள்.

படி 9: மழைக்காலம்

மலை அடங்கிவிட்டது, டிவியில் செய்தியும் நின்றுவிட்டது. சரிவுகளில் கோடிக்கணக்கான டன் சாம்பல் இறுகாமல் கிடக்கிறது. முதல் பெருமழை பெய்ததும் அது ஆற்றில் இறங்கும். இந்தச் சேற்றுப் பெருக்குக்கு ஜாவாக்காரர்கள் வைத்த பெயர் லஹார். இன்று உலகமே அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. ஈர சிமெண்ட் கலவை மாதிரி கெட்டியாக, வீட்டளவு பாறையையும் மிதக்கவைத்துக்கொண்டு வரும். சில நேரம் சூடாகவே இருக்கும்.

பினடுபோவின் லஹார் பல வருடம் ஓயவில்லை. 1995 அக்டோபர் 1 அன்று, வெடிப்புக்கு நான்கு வருடத்துக்கும் மேலான பிறகு, ஒரு புயல் மழையில் பகோலோரின் கபலன்டியான் என்ற பகுதி புதைந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களில் பலர் 1991ல் கூரைக்குக் கீழே பிழைத்தவர்கள்.

மழை உங்கள் ஊரில் பெய்ய வேண்டும் என்பதில்லை. மலையில் பெய்தால் போதும். ஆற்று நீர் திடீரென்று கெட்டியானாலோ, ரயில் வருவது போல உறுமல் கேட்டாலோ, உடனே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றின் போக்கிலேயே ஓடினால் அது உங்களை முந்திவிடும். பாலத்தில் நின்று போன் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், பாலம்தான் முதலில் போகும். மழைக்கால ராத்திரிகளில் தெருவுக்கு ஓர் ஆள் விழித்திருக்க முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசிலோ கோயில் மணியோ போதும்.

படி 10: திரும்புவதா, இடம் மாறுவதா

இதற்கு ஒரே பதில் கிடையாது. மான்செராட்டில் தலைநகரமான பிளிமத்தே புதைந்தது. மக்களில் பாதிக்கு மேல் தீவை விட்டே போய்விட்டார்கள். சினாபுங் அடிவாரத்தில் பெகேரா, சிமாசெம், சுகாமெரியா கிராமத்தார் பல காலம் முகாம்களில் இருந்துவிட்டு சியோசர் என்ற புதுக் குடியிருப்புக்கு மாறினார்கள். புதுக் குடியிருப்பை ஏற்கும் முன் வீட்டை மட்டும் பார்க்காதீர்கள். உழ நிலம் தருகிறார்களா, பட்டா யார் பெயரில், பழைய அக்கம்பக்கம் ஒன்றாகப் போகிறதா, பள்ளி எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ஏட்டா மக்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் இருந்தன. அவர்களுக்குத் தெரிந்த காடும் வேட்டையும் கிழங்கும் இல்லை. பலர் மலைக்கே திரும்பிப் போனார்கள்.

பகோலோர்க்காரர்கள் வேறு வழி கண்டார்கள். அரசு பெரிய கரை கட்டி லஹாரைத் திருப்பியது. ஊர்க்காரர்கள் புதைந்த வீட்டின் மேலேயே இன்னொரு தளம் எழுப்பினார்கள். வீட்டை மூழ்கடித்த அதே மணல் இன்று லாரி லாரியாகக் கட்டட வேலைக்குப் போகிறது. பம்பாங்காவுக்கு அது ஒரு பெரிய வருமானம்.

2022 ஜூலையில், படிப்பு முடிந்து நான் ஊருக்குக் கிளம்பும் முன், ஆத்தே தன் ஊரைக் காட்டக் கூட்டிப்போனார். பகோலோரின் சான் கில்லெர்மோ தேவாலயம் சுமார் 12 மீட்டர் உயரம். அதில் பாதி லஹாரில் புதைந்து கிடக்கிறது. ஊர்க்காரர்கள் பீடத்தை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, புதிய தரைமட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பழைய ஜன்னல்கள்தான் இப்போது வாசல். ஆத்தே குனிந்து ஒரு ஜன்னல் வழியாக உள்ளே போனார். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் காலால் தரையைத் தட்டிக் காட்டினார்: "என் கல்யாணத்துக்கு நான் நின்ன இடம், இதுக்குக் கீழ மூணு ஆள் ஆழத்துல இருக்கு."

வெளியே வந்ததும் வானத்தைப் பார்த்தார். மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. "சாப்பாட்டை அப்புறம் பாத்துக்கலாம், பாலம் தாண்டிரலாம் வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.